பொய்மழை

வானிலைப் படத்தில் காலையிலேயே மழை.
கடலுக்கு நடுவே பச்சைத் தழும்பு,
ஓரத்தில் மஞ்சள், உள்ளே கொஞ்சம் சிவப்பு,
எங்கள் பக்கம் நகர்கிறது.
கால்யு தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்
காயப்போட்ட புல்லை மூட.
நான் அண்ணாந்து பார்க்கிறேன்:
கழுவிக் கவிழ்த்த பீங்கான் தட்டு மாதிரி
வானம்.

விடியலில் போர்விமானங்கள் ஒத்திகை பார்த்தன.
யாருக்கு யார் எதிரி என்று செய்தியில் சொல்லவில்லை.
தப்பி ஓடுகிறவன் வாலுக்குப் பின்னால்
கொத்துக் கொத்தாய் உதறிவிட்டுப் போவான்
அலுமினியம் பூசிய கண்ணாடி நூல்களை,
தலைமயிரைவிட மெலிது, கோடிக்கணக்கில்.
துரத்துகிறவனின் ராடார் அதைப் பார்த்து
விமானம் என்று நம்பவேண்டும்.
பொய் சொல்வதற்கென்றே அளவெடுத்து வெட்டியது.
பதர் என்று பெயர்.

பயனில்லாத பேச்சையும் பதர் என்பார்கள்.
இருக்கட்டும்.

சாரேமா தீவில்
பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவள் நான்.
கைவிட்ட தீவனக் கோபுரத்தின் உச்சியில்
என் கிண்ண ஆன்டெனா.
அறுபத்தெட்டுப் படி. துரு கையோடு வரும்.
தென்மேற்கே, பூமி முதுகு வளைந்து மறைக்கிற பக்கம்,
போர்ன்ஹோம்.
அங்கே ஹெர்ரிங் மீனைப் புகையில் வாட்டுகிற ஐவிண்
இதேபோல ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்.
நான்கு கோடையாக முயல்கிறோம்.
பயணிகள் விமானம் ஒன்றில் பட்டுத் தெறித்து
அவர் அழைப்புக்குறியின் பாதி ஒருமுறை வந்தது.
இடிமழையில் பட்டு ஒருமுறை வெறும் இரைச்சல்.
மற்றபடி கடல்.

இன்று கிண்ணத்தை ஐவிணின் பக்கம் வைக்கவில்லை.
ஒரு கை தள்ளி, சற்றே உயர்த்தி,
இல்லாத மழையின் பக்கம் திருப்பினேன்.
அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார் என்று
ஒரு குருட்டுக் கணக்கு.

பதினொன்று இருபது.
ஹெட்ஃபோனில் யாரோ ஈர மணலில் கால் இழுக்கிறார்கள்.
இழுப்பில் ஒரு ஒழுங்கு.
புள்ளி. கோடு. கோடு.
ஒற்றைக் கம்பியாய் வரவேண்டிய ஒலி,
காற்றில் தன்போக்கில் புரளும் கோடி நூல்களில் பட்டுப்
பஞ்சாய்ப் பிரிந்து வந்தது.
வந்தது.

வழக்கப்படி மூன்றே விஷயம்:
யார் நீ, எவ்வளவு கேட்கிறது, எந்தக் கட்டத்தில் இருக்கிறாய்.
மூன்றும் ஆயிற்று.
நன்றி சொல்லி நகர்ந்துவிடுவதுதான் மரியாதை.
ஐவிண் நகரவில்லை.
மெதுவாக, எழுத்தெழுத்தாக,
விட்டுப்போனதை மறுபடி தட்டி,
அங்கே மழையா
என்று கேட்டார்.

ஐந்நூற்றெழுபது கிலோமீட்டர்.
எவனோ எவனையோ ஏமாற்ற உதறிய குப்பை வழியே
இப்படி ஒரு கேள்வி.
இல்லை, என்று தட்டினேன். தெளிந்த வானம்.
இங்கேயும், என்றார்.
ஆனால் மனைவி கொடியிலிருந்த துணியெல்லாம் எடுத்துவிட்டாள்.

கோபுரத்தின் மேல் தனியாய்ச் சிரிப்பது
எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்தது.

இரண்டு மணிக்குள் நூல்கள் தாழ்ந்துவிட்டன,
இழை இழையாய், அவசரமில்லாமல்.
கடைசியாய் அவர் தட்டியதில் பாதி கிடைக்கவில்லை.
மீனைப் பற்றி ஏதோ.

கீழே கால்யு மூன்றாவது தார்ப்பாய்க்குக்
கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.
மழை இல்லை, நூல்! என்று கத்தினேன்.
காதில் கையை வைத்துக் கேட்டார்.
பிறகு முடிச்சை இன்னும் இறுக்கினார்.

ஆகஸ்டில் ஒரு மாட்டுக்கொட்டிலில்
பம்ப்பின் காற்று வடிகட்டியைக் கழற்றினேன்.
புல்தூசு, ஒரு ஈ, யாருடையதோ ரோமம்,
வெள்ளியாய் ஒரு இழை.
அளந்தேன். பதினான்கு மில்லிமீட்டரும் கொஞ்சமும்:
என் அலைநீளத்தில் சரிபாதி.
அன்றைய நூல்தானா என்று தெரியாது.
எத்தனையோ ஒத்திகைகள் நடக்கின்றன.

பதிவேட்டில் 'எதன் வழியாக' என்ற கட்டத்தை
அன்று காலியாக விட்டிருந்தேன்.
அங்கே ஒட்டினேன்.
நாடாவுக்கு வெளியே நுனி நீட்டிக்கொண்டிருக்கிறது.
பக்கம் புரட்டினால்
விரலில் குத்தும்.